அருமைநாயகம் முடிக்கட்டும்

ஏ, எல்லாரும் உக்காந்தாச்சா? அந்தா மூலையில ஒருத்தன் இப்பவே போனத் தடவிக்கிட்டு இருக்கான் பாரு, கதை முடிஞ்ச பிறகு "ஆமா, அந்த டீச்சர் யாரு?"ன்னு கேப்பான், ஒருத்தனும் பதில் சொல்லக் கூடாது. இன்னொருத்தன் இருக்கான், நான் வாயத் தொறக்கும் முன்னால "பொய்யில்லா"ம்பான். உன்னையத்தான் மாப்ள, சிரிக்காத. சாமியும் கிடையாது பூதமும் கிடையாதுன்னு டீக்கடையில ரெண்டு மணி நேரம் லெக்சர் அடிச்சிட்டு, மறுநாள் ரிசல்ட்டு வரும்போது அம்மகிட்ட போயி தலையக் குனிஞ்சு ஜெபம் பண்ணிக்கிட்டவன்தான நீ. பயப்படாத, இந்தக் கதையில பேய் கிடையாது. பாட்டுதான் உண்டு. அதுவும் ரொம்ப சுமாரா பாடுத ஒரு மனுசனோட பாட்டு.

நல்லூத்துபுரம் வேதக்கோயில்ல, ஆம்பளைங்க பக்கம் நாலாவது பெஞ்சுல, நடுப்பாதைய ஒட்டுன ஓரத்துல, முப்பத்தொரு வருஷமா ஞாயித்துக்கிழம தவறாம உக்காந்தவரு அருமைநாயகம். பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி ஆபரேட்டர். காலையில ஆறு மணிக்கு வால்வத் தொறந்தாருன்னா ஊர்ல வாட்ச்ச சரிபண்ணிக்கிடலாம், அவ்வளவு கரெக்டான மனுசன். ஆனா கோயில்ல ஆரம்பப் பாட்டுன்னு வந்துட்டா மட்டும், சபையே ஒரு வரிய முடிச்சு அடுத்த வரிக்குப் போன பிறகுதான், இவரு முந்தின வரியோட வாலப் பிடிச்சு இழுத்துக்கிட்டு பின்னால வருவாரு. குரலும் சின்னக் குரல் இல்ல, காலி டிரம்ம தார் ரோட்டுல உருட்டுன மாதிரி இருக்கும். அத்தன பேரும் பாடி முடிச்சு வாய மூடினதும், அந்த அமைதிக்குள்ள இவரு மட்டும் தனியா கடைசி வரியப் பாடி முடிச்சிட்டு, என்னமோ இவருதான் எல்லாரையும் பத்திரமா வீடு கொண்டுவந்து சேர்த்த மாதிரி, கைக்குட்டைய எடுத்து மூஞ்சியத் தொடைப்பாரு.

நடுப்பாதைக்கு இந்தப் பக்கம், பொம்பளைங்க வரிசையில, அவரு சம்சாரம் ஹெப்சிபா டீச்சர். ஹைஸ்கூல்ல கணக்கு எடுத்தாவ. அவிய கிளாஸ்ல ஒரு கணக்குக்கு விடை மட்டும் எழுதுனா முட்டைதான், வழி எழுதணும், அந்த வழி எதுக்கு அந்த வழின்னும் சொல்லணும். பைபிளையும் அப்படித்தான் படிப்பாவ, ஓரத்துல பென்சில்ல கேள்விக்குறி போட்டு. கேள்விக்குறி போடாத பக்கத்த நான் இன்னும் சரியா படிக்கலன்னு அர்த்தம்பாவ. பிள்ளைகள் கிடையாது. வீட்டுல ரெண்டே பேரு, ரெண்டு டம்ளர், ஒரு ரேடியோ.

ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழம கோயிலுக்கு பிஷப் வந்தாரு. வீட்டுல சேலைக்குப் பின் குத்திக்கிட்டே டீச்சர் சொன்னாவ, "ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது கோயில்ல வாயத் தொறக்காம இருங்க. மானம் போவுது."

சும்மா சொன்னதுதான். முப்பத்தொரு வருஷமா வேற வேற வார்த்தையில சொல்லிக்கிட்டு வந்ததுதான். அருமைநாயகம், "சரி ஹெப்சி"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பப் பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னப்போ அவரும் பாட்டுப் புத்தகத்த விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, உதட்ட ஒட்டிக்கிட்டு. அன்னைக்கு நல்லூத்துபுரம் கோயில்ல முதல் தடவையா ஒரு பாட்டு எல்லாருக்கும் ஒரே நேரத்துல முடிஞ்சது. பிஷப் கூட பாராட்டுனாரு. புதன்கிழம காலையில தொட்டி ஏணியில, ரெண்டாவது படியில உக்காந்தவரு எந்திரிக்கல. மாரடைப்பு. வால்வு தொறந்தபடியே கிடந்ததால அன்னைக்கு முழுக்க ஊருக்குத் தண்ணி வந்துச்சு, குழாயடியில அழுதுக்கிட்டேதான் குடம் பிடிச்சாவ.

அடக்கம் முடிஞ்சு வந்த முதல் ஞாயித்துக்கிழம ஒண்ணும் நடக்கல. நடந்தது, யாருக்கும் தெரியல. எல்லாரும் ஆரம்பப் பாட்டப் பாடி முடிச்சாவ, வாய மூடினாவ, நாலாவது பெஞ்சுல இருந்து கடைசி வரி மட்டும் தனியா டிரம் உருளுத மாதிரி வந்து முடிஞ்சது, எல்லாரும் உக்காந்தாவ. முப்பத்தொரு வருஷமா கேட்டுப் பழகின சத்தம், அதுல யாரு எதக் கவனிக்கப் போறா? ஆர்கன் வாசிக்கிற டெய்சிக்கா மத்தியானம் வீட்டுல வெங்காயம் நறுக்கும்போதுதான் கத்தி அப்படியே நின்னுச்சு. "எம்மா, அவரத்தான் புதைச்சாச்சே!"

டீச்சர் மட்டும் அந்த நேரமே கவனிச்சாவ. அலறல. தலையத் திருப்பி அந்த பெஞ்சப் பாத்தாவ, காலியா இருந்துச்சு. கையத் திருப்பி வாட்ச்சப் பாத்தாவ. நாலே கால் செகண்ட்.

அடுத்த ஞாயிறு எட்டரை செகண்ட். அதுக்கடுத்த ஞாயிறு பதினேழு. அதுக்கடுத்தது முப்பத்து நாலு. மனுசன் செத்தும் திருந்தல, வாரா வாரம் ஒண்ணுக்கு ரெண்டா லேட்டாகிக்கிட்டே வந்தாரு.

இதுக்கு ஊரு என்ன செஞ்சதுன்னு கேக்கணும் நீங்க. தீர்மானம் போடல, டிவிக்குச் சொல்லல. டெய்சிக்கா கடைசிக் கட்டைய அமுக்கின விரல எடுக்காம பிடிச்சுக்கிட்டு நின்னாவ, அவரு வந்து சேருத வரைக்கும். எசேக்கியல் ஐயரு ஜெபத்த ஆரம்பிக்காம கண்ண மூடிக்கிட்டு காத்து நின்னாரு. (சபை குருவ எங்க பக்கம் ஐயருன்னுதான் சொல்லுவோம், குழம்பாதீக.) வெளியூர்ல இருந்து விருந்தாளிப் பிரசங்கியார் யாராவது வந்து, பாட்டு முடிஞ்சதும் அவசரப்பட்டு "ஜெபிப்போம்"னா, முன் வரிசைக் கிழவர்ல இருந்து பின் வரிசைக் கைக்குழந்தைக்காரி வரைக்கும் மெதுவா ஒரே குரல்ல சொல்லுவாவ: "அருமைநாயகம் முடிக்கட்டும்." அவரு முடிச்ச பிறகுதான் ஆமென்.

டீச்சர் அம்பது பக்க நோட்டு ஒண்ணு போட்டாவ. தேதி, பாட்டு நம்பர், தாமதம், மூணு கட்டம். அத்தோட விடல. ஸ்பீக்கர் வயர உருவிவிட்டுப் பாத்தாவ, மெயின அமத்திப் பாத்தாவ, பெஞ்சுக்கு அடியில டார்ச் அடிச்சாவ, நாலு நாளு மேல்கூரையில புறா ஏதும் இருக்கான்னு கோயில் குட்டியார ஏணி ஏற விட்டாவ. கோயில் குட்டியார்ங்கிறது மணியடிச்சு, பெஞ்சு தொடைச்சு, சாவிய இடுப்புல வச்சிருக்கவரு. பேரு பாக்கியமுத்து. எழுவது வயசுல ஏணியில நின்னுக்கிட்டு, "டீச்சரம்மா, புறா இருக்கு. ஆனா அதுக்குப் பாட்டு வராது"ன்னாரு.

ஒரு நாளு ஆராதனை முடிஞ்சு டீச்சர் ஐயர்கிட்ட நேரா கேட்டாவ. "ஐயா, இது அற்புதமா?"

"தெரியல டீச்சர். இந்தப் பாடம் எங்களுக்கு எடுக்கல."

"இல்ல எனக்குத்தான் புத்தி கலங்கிருச்சா?"

"அப்போ ஊர்ல முன்னூறு பேருக்குக் கலங்கியிருக்கணும். நீங்க கணக்குப் போடுங்க, நான் ஜெபம் பண்ணுதேன். யாருக்கு முந்தி விடை வருதுன்னு பாப்போம். உங்களுக்கு வந்தா எனக்குச் சொல்லுங்க, எனக்கு வந்தா நான் உங்ககிட்டதான் சரிபாக்கக் கொண்டு வருவேன்."

நான் மதிக்கிற ஆளுங்க லிஸ்ட்டு ரொம்பச் சின்னது, அதுல அந்த ஐயரு உண்டு.

செப்டம்பர்ல பாட்டு பிரசங்கத்துக்கு நடுவுல வர ஆரம்பிச்சது. ஐயரு நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சு, அவரு பாடி முடிச்ச பிறகு விட்ட இடத்துல பிடிப்பாரு. சில நாளு விட்ட இடம் மறந்துபோவும், அன்னைக்குப் பிரசங்கம் சீக்கிரம் முடியும், அன்னைக்கு அருமைநாயகத்துக்கு ஊர்ல தனி மரியாதை. அக்டோபர்ல ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்த பிறகு பாடினாரு, அதனால வேப்பமரத்தடியில டீயும் வடையும் போட்டு, "இன்னும் இருவது நிமிஷம் இருக்கு, உக்காருங்க"ன்னு சொல்லிச் சொல்லி, முன்னெல்லாம் ஆமென் சொன்ன கையோட செருப்ப மாட்டிக்கிட்டு ஓடினவங்க, பக்கத்து வீட்டுக்காரன் மகளுக்கு என்ன வியாதி, எதிர்வீட்டு மாட்டுக்கு எப்போ கன்னுன்னு கேட்டுக்கிட ஆரம்பிச்சாவ. பத்து வருஷமா பேசாத அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒரே பெஞ்சுல வேற வழியில்லாம உக்காந்து, வேற பேச்சு இல்லாம, பேசிட்டாவ. அதுக்கடுத்து மத்தியானத்துல பாடினாரு, சோறு கட்டிக்கிட்டு வந்தாவ. அதுக்கடுத்து விளக்கு வைக்கிற நேரத்துல. அதுக்கடுத்த ரெண்டு வாரமும் திங்கக்கிழம. அதுக்கடுத்து புதன்கிழம மத்தியானம் ரெண்டு இருவத்திரண்டுக்கு, டீச்சர் சொன்ன நிமிஷத்துல, சொல்லிவச்ச மாதிரி.

பக்கத்து ஊர் ஜெபக்குழுக்காரரு ஒருத்தரு பிசாச விரட்டணும்னு வந்தாரு. "வாங்க, உக்காருங்க, அவரு முடிக்கட்டும், பிறகு விரட்டுங்க"ன்னாரு பாக்கியமுத்து. முடிஞ்ச பிறகு அந்த மனுசன் விரட்டாம, கண்ணத் தொடைச்சுக்கிட்டு, எங்க அப்பாவும் இப்படித்தான் லேட்டா பாடுவாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. காலேஜ் வாத்தியார் ஒருத்தரு ரெக்கார்டரோட வந்தாரு, அதுல ஃபேன் சத்தம் மட்டும் விழுந்துச்சு. "மெஷின்ல இல்லாதது இல்லாததுதான மேடம்?"னாரு. டீச்சர், "சார், உங்க மெஷின்ல உங்க தலைவலி விழுமா?"ன்னு கேட்டாவ.

இவ்வளவு நடக்குது, டீச்சர் மட்டும் கோயில்ல பாடுததில்ல. அருமைநாயகம் போன நாள்ல இருந்து அவிய வாய் அசையல. அவரு சத்தத்துக்குக் காது குடுக்கத்தான் பாடலன்னு ஊரு நினைச்சுது. நிசம் அது இல்ல. எம் புருசன வாய மூடச் சொன்னேன், அவிய மூடுனாவ, இனி எனக்கு எதுக்கு வாயின்னு டீச்சருக்கு ஒரு நினைப்பு.

டிசம்பர்ல அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிச்ச ஒரு சாயங்காலம், டீச்சர் அந்த நோட்டுல மிச்சக் கட்டத்தையும் போட்டுப் பாத்தாவ. இந்த வாரப் பாட்டு அம்பத்தொரு நாள் கழிச்சு. சரி. அடுத்த வாரம் நூத்தி மூணு நாள். சரி. பிறகு ஏழு மாசம், ஒரு வருஷம், ரெண்டே கால் வருஷம், நாலரை, ஒம்போது, பதினெட்டு, முப்பத்தாறு, எழுவத்திரண்டு, நூத்தி நாப்பத்து நாலு. பென்சில் அங்க நின்னுச்சு. ரெண்டால பெருக்குத கணக்கு, ஆறாங்கிளாஸ் பிள்ளை போடும். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவுல, தான் உயிரோட இருக்கிற காலத்தத் தாண்டி அந்த மனுசன் போயிருதாருன்னு அந்தக் கணக்கு சொல்லுச்சு. ஜெபம் பண்ணிப் பாத்தாவ, ரெண்ட ரெண்டால பெருக்குனா நாலுதான் வந்துச்சு. நான் சொன்ன வார்த்தைக்குத்தான் தூரமா போறாவ, ஒவ்வொரு வாரமும் ரெண்டு மடங்கு தூரமா, திரும்பிப் பாக்காம போறாவன்னு முடிவு பண்ணி நோட்ட மூடி, அரிசிப் பானைக்கு அடியில வச்சாவ.

மறுநாள் ஐயர்கிட்ட போயி, "நின்னுபோச்சு ஐயா. இனி வராது"ன்னாவ.

ஐயரு டீச்சர் மூஞ்சியப் பாத்தாரு. வழி எழுதாம விடை மட்டும் சொன்ன ஹெப்சிபா டீச்சர அன்னைக்குத்தான் முதல்ல பாக்காரு. "சரிம்மா"ன்னாரு.

ஊரு அத நம்பி ரெண்டாந்தடவையா துக்கம் கொண்டாடுச்சு. மூணு நாளு டீச்சர் வீட்டுல அடுப்பு எரிய விடல. டெய்சிக்கா இட்லி, எதிர்வீட்டுல ரசஞ்சோறு, பேசாம இருந்த அண்ணன் தம்பி வீட்டுல இருந்து ஒரே தூக்குல கருப்பட்டிக் காப்பி. செத்தவருக்கு ஒரு தடவை, சத்தத்துக்கு ஒரு தடவை. டீச்சர் அந்தச் சோத்த வாங்கித் தின்னும்போது ஒவ்வொரு உருண்டையும் பொய்யா இருந்துச்சு, ஆனாலும் தின்னாவ. கிறிஸ்துமஸ் அந்த வருஷம் ஞாயித்துக்கிழமையே வந்துச்சு. ஒம்போது மணி ஆராதனைக்கு, மாட்டுத் தொழுவத்துல பாலன் பொறந்த சந்தோசத்துல கைதட்டி, தாளம் போட்டு, நடுநடுவுல தந்தனான்னு வருமே, அந்த மாதிரி ஒரு குதியாட்டப் பாட்டு போட்டாவ. டீச்சர் கையும் தட்டல. ஜனவரியில ஒரு வெள்ளிக்கிழமையும் பிப்ரவரியில ஒரு செவ்வாய்க்கிழமையும், பூட்டுன கோயிலுக்குள்ள அருமைநாயகம் வந்து பாடிட்டுப் போனாரு. பல்லிகள் கேட்டுச்சு.

பிறகு பெரிய வெள்ளிக்கிழம. பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும் மும்மணி ஆராதனை, எல்லாரும் வெள்ளைத் துணி, தொண்டை வறண்டு கிடக்கும், சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தையையும் ஒவ்வொண்ணா பிரசங்கம் பண்ணுவாவ. வெளிய அண்டாவுல கஞ்சி கொதிக்குது. உள்ள ஐயரு ரெண்டாம் வார்த்தையில நிக்காரு. பக்கத்துச் சிலுவையில தொங்குன கள்ளனுக்கு, இன்னைக்கே நீ என்கூட இருப்பேன்னு இயேசு வாக்குக் குடுத்த இடம். "இன்னைக்குன்னா எப்போ?"ன்னு ஐயரு கேக்காரு. "தொங்கிக்கிட்டு இருக்கவனுக்கு இன்னைக்குங்கது எவ்வளவு நீளமான நாளு?" கேட்டுட்டு நிறுத்துனாரு. பொட்டுச் சத்தமில்ல. பெரிய மனுசங்க தலை குனிஞ்சிருக்கு, பொம்பளைங்க மூக்க உறிஞ்சுதாவ. மணி பன்னெண்டு நாப்பத்தெட்டு.

நாலாவது பெஞ்சுல இருந்து, காலி டிரம்ம உருட்டிவிட்ட மாதிரி, கிளம்பிச்சுய்யா ஒரு குரல். தொழுவத்துல பாலன் பொறந்தாராம். ஆட்டிடையரெல்லாம் ஓடியாங்களாம். தந்தனா, தந்தனா.

பெரிய வெள்ளியில கிறிஸ்துமஸ் பாட்டு! கறுப்புத் துணி போத்தின சிலுவைக்கு முன்னால தாளம்! ரெண்டு கிழவிங்க பாவம் பாவம்னு வாயில போட்டுக்கிட்டாவ. சபை மெம்பர் ஒருத்தரு யார வெளிய அனுப்புததுன்னு தெரியாம எந்திரிச்சு நின்னாரு. ஐயரு பிரசங்க மேடையில ரெண்டு கையையும் ஊனி, தலையக் குனிஞ்சு, தோள் குலுங்க நின்னாரு, அழுதாரா சிரிச்சாரான்னு இன்னைக்கு வரைக்கும் ஊருல ரெண்டு கட்சி. பிறகு நிமிந்து மெதுவா சொன்னாரு: "அருமைநாயகம் முடிக்கட்டும்."

அந்த அமைதியில, தந்தனாவுக்கு நடுவுல, பொம்பளைங்க பக்கத்துல இருந்து இன்னொரு சத்தம் வந்துச்சு. ஹெப்சிபா டீச்சர் சிரிச்சாவ. வாயப் பொத்திப் பாத்தாவ, அடங்கல, சேலைத் தலைப்ப வாயில திணிச்சுப் பாத்தாவ, அடங்கல. கோவிச்சுக்கிட்டுத் தூரமா போற மனுசன் இப்படியா வருவாரு? சண்டை போட்டுட்டுப் போனவரு, ஊரே அழுத நாள்ல, வாசல்ல வந்து நின்னு தொழுவத்துப் பாட்டா பாடுவாரு? இது எம் புருசன் லேட்டு. முப்பத்தொரு வருஷமா எனக்குத் தெரிஞ்ச அதே லேட்டு. சிரிப்பு அழுகையா மாறுச்சு, மாறுன இடம் அவியளுக்கே தெரியல.

பாட்டு முடிஞ்சதும் டீச்சர் எந்திரிச்சு நடுப்பாதையில வந்து நின்னாவ. "நான் பொய் சொன்னேன். அவிய நிக்கல. எனக்குக் கணக்குத் தெரியும், தெரிஞ்சே மறைச்சேன். உங்க சோத்தயும் தின்னேன். ஐயா, மிச்ச அஞ்சு வார்த்தையையும் முடிங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் வாங்க, வழியோட எழுதிக் காட்டுதேன்."

சனிக்கிழம சண்டே ஸ்கூல் கரும்பலகைய கோயிலுக்குள்ள கொண்டு வந்தாவ. டீச்சர் சாக்பீஸ எடுத்து, நாலே கால் செகண்ட்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரியா எழுதுனாவ. புது வருஷத்தன்னைக்குப் பாடுனது இந்த ஜூலைக்கு வரும். பிப்ரவரியில மைக் கெட்டுப்போன அன்னைக்குப் பாடுனது எழுவத்திரண்டு வருஷம் கழிச்சு வரும். போன வாரம் குருத்தோலை ஞாயித்துல பாடுனது நாலாயிரத்து அறுநூத்தி இருவத்தேழு வருஷம் கழிச்சு. நாளைக்கு ஈஸ்டர். நாளைக்குப் பாடுதது ஒம்போதாயிரத்து இருநூத்தி அம்பத்து நாலு.

கோயில் குட்டியார் இடுப்பத் தொட்டுப் பாத்தாரு. "ஒம்போதாயிரமா? சாவிய யாருட்ட குடுத்துட்டுப் போவ?"

யாரும் சிரிக்கல. அது நியாயமான கேள்வி.

டீச்சர் சாக்பீஸ வச்சிட்டு, கையத் தட்டி, திரும்பி நின்னாவ. "ஒண்ணு சொல்லணும். கடைசி ஞாயித்துக்கிழம நான்தான் அவிய வாய மூடச் சொன்னேன். அதான் போறாவ. ஒவ்வொரு வாரமும் தூரமா போறாவ. இதுல கணக்கு தப்பு இல்ல, நான் பத்து தடவை சரிபாத்துட்டேன்."

பேசுனது பாக்கியமுத்துதான். முதல் பெஞ்சுல உக்காந்து கால நீட்டி, முட்டிய நீவிக்கிட்டே சொன்னாரு, "டீச்சரம்மா, எனக்கு ரெண்டாம் வாய்ப்பாடு கூட தகராறு. ஆனா ஒண்ணு கேக்கேன். நேத்து வந்தாரா இல்லியா?"

"வந்தாவ."

"நீங்க எழுதுன எல்லா வரிக்கும் வருவாரா மாட்டாரா?"

"கணக்குப்படி வரணும்."

"பிறகு எங்க போறாருங்கீக? லேட்டா வருதாருன்னா வருதாருன்னுதான அர்த்தம்? வராதவனுக்கு ஏதும்மா லேட்டு? எம் பொண்டாட்டி போயி இருவது வருஷம். அவ லேட்டாகூட வரல. நீங்க என்னமோ…" சாவிக் கொத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

டீச்சர் கரும்பலகையத் திரும்பிப் பாத்தாவ. முதல் வரியில இருந்து ஒவ்வொண்ணா படிச்சாவ. எழுதுன வரி எதையும் அழிக்கல, எண்ணு எதையும் மாத்தல. அதே கணக்குதான். டிசம்பர்ல அரிசிப் பானைக்கு அடியில போன அதே கணக்கு, அதே ரெண்டால பெருக்கல், படிச்சு முடிச்சப்போ மட்டும் வேற விடை சொல்லுச்சு. நான் ஸ்கூல்ல படிச்ச வரைக்கும் அப்படி ஒரு கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தரல.

"ஐயா"ன்னாவ. "உங்களுக்கு விடை வந்துச்சா?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"எனக்கும் முழுசா வரல. ஆனா வழி சரியா இருக்கு."

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஊருல ஒரே பஞ்சாயத்து. ஒம்போதாயிரம் வருஷம் கழிச்சு வாரவனுக்கு என்ன பாட்டு வைக்கதுன்னு. ஒருத்தரு நீளமான பாட்டு வேணும்னாரு, இவ்வளவு தூரம் வந்துட்டு ரெண்டு வரியில முடிச்சா எப்படின்னு. அந்தக் காலத்துல தமிழ் இருக்குமான்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. "பாடுதது அருமைநாயகம், இருக்கோ இல்லியோ தமிழ்லதான் பாடுவாரு"ன்னாவ டெய்சிக்கா. கடைசியில சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமா தெரிஞ்ச, நாலே நாலு வரி உள்ள ஈஸ்டர் பாட்டுன்னு முடிவாச்சு.

ஈஸ்டர் காலையில கோயில் கொள்ளல, வாசல்ல, ஜன்னல்ல, வேப்பமரத்தடியில எல்லாம் ஆளு. டெய்சிக்கா ஆர்கன்ல கைய வச்சாவ. முன்னூறு தொண்டை ஒண்ணா எந்திரிச்சுது. முதல் வரி. டீச்சர் வாயத் தொறந்தாவ, சத்தம் வரல, ஒம்போது மாசம் பூட்டிக் கிடந்த தொண்டை. ரெண்டாம் வரி, காத்துதான் வந்துச்சு. மூணாம் வரி நடந்துக்கிட்டு இருக்கும்போது, அவிய முதல் வரியப் பிடிச்சாவ. எல்லாரும் நாலாம் வரிய முடிச்சு வாய மூடினப்போ, டீச்சர் ரெண்டாவதுல நின்னாவ, கரகரன்னு, சுருதியும் சேராம, எந்த நாள்லயும் ஒரு அட்சரம் பிந்தாத மனுஷி. டெய்சிக்கா கட்டையில இருந்து விரல எடுக்கல. ஐயரு ஜெபத்த ஆரம்பிக்கல. கைக்குழந்தைக்காரி பிள்ளை வாயில மாரக் குடுத்து அமத்துனா. முன்னூறு பேரும் நின்னு, அந்த ஒத்தக் குரல் மூணாம் வரியத் தாண்டி, நாலாம் வரிக்கு ஏறி, இறங்கி, வந்து சேருத வரைக்கும் காத்திருந்தாவ. சேந்துச்சு. ஆமென்னு சொன்ன சத்தத்துல மேல்கூரைப் புறா எல்லாம் பறந்துச்சு.

அதுக்குப் பிறகு டீச்சர் நோட்ட சபைக்கே குடுத்துட்டாவ. வந்த வாரம் அவியளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேசன். சபை கூடி, இத நோட்டுல வச்சா கரையான் தின்னும், கல்லுல வெட்டணும்னு தீர்மானம் போட்டுது. எங்க பக்கம் கோயிலுக்கு ஒரு டியூப் லைட்டு வாங்கிக் குடுத்தாலே அதுல பேர எழுதி வெளிச்சத்த மறைச்சிருவோம், இதுக்குக் கல்லு வைக்காம இருப்போமா? கறுப்புக் கல்லு, ஆள் உயரம், கோயில் வாசலுக்கு உள்பக்கம் மேல பதிச்சாச்சு. இப்பவும் போனா பாக்கலாம். மேல ஐயரு எழுதிக் குடுத்த அஞ்சு வரி:

"கீழ்க்கண்ட நாட்களில் கோயில் கதவைத் திறந்து வைக்கவும். ஒருவர் பாடுவார். பெயர் அருமைநாயகம். பயப்பட வேண்டாம். அவர் முடிக்கும்வரை காத்திருக்கவும்."

அதுக்குக் கீழ வரிசையா வருஷம், மாசம், தேதி, மணி. ஜூலையில வந்ததுக்குத் திருவிழாக் கூட்டம். அடுத்த வருஷம் வந்ததுக்கு டீச்சர் நாலாவது பெஞ்சுலயே உக்காந்து கேட்டாவ, பாதியில கூடச் சேந்து பாடினாவ, ரெண்டு பேரும் சேரல, அது வேற விஷயம்.

சரி, எந்திரிக்காதீக, ஒண்ணு பாக்கி இருக்கு. டீச்சர் கண்ணுல கட்டோட இருந்ததால, நோட்டப் பாத்து கல்வெட்டுக்காரருக்குத் தேதி எல்லாத்தையும் படியெடுத்துக் குடுத்தது நான்தான். எழுத்து நல்லா இருக்கும்னு என்னையக் கூப்பிட்டாவ. அன்னைக்கு மேட்ச்சு இருந்துச்சு, அவசரம். முப்பத்தாறு வருஷம் கழிச்சு வார பாட்டுக்கு, மேல் வரியில இருந்த மார்ச்சையே போட்டுட்டேன். ஏப்ரல் போடணும். கல்லுல வெட்டியாச்சு. மார்ச்சுல கதவத் தொறந்து வச்சு காத்திருந்துட்டு, வரலன்னு பூட்டிட்டுப் போவாங்க, ஒரு மாசம் கழிச்சு அந்த மனுசன் பூட்டுன கோயிலுக்குள்ள வந்து பாடுவாரு. படியெடுத்து முடிச்சதும் டீச்சர் கட்டுப் போட்ட கண்ணோட என் பக்கம் திரும்பி, "சரிபாத்தியாடே?"ன்னு கேட்டாவ. பாத்துட்டேன் டீச்சர்னு சொன்னேன்.

பாக்கல.